ஆஃப் கிளட்ச்

கல்லை மிதிக்கிற மாதிரி இருக்கிறது. போன வாரம் இப்படி இல்லை. இருந்தது. போன வாரமும் இருந்தது, நான் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி கேட்டில் வாட்ச்மேன் விசிலை ஊதிக்கொண்டு வா வா என்று கையை வீசுகிறான். வருகிறேன், இருடா. நீ ஊதினால் கியர் விழுந்துவிடுமா. மிதி. இன்னும் மிதி. ஃபஸ்ட் விழும்போது கர்ரென்று ஒரு சத்தம். பக்கத்து சீட்டில் சம்பூரணம் கண்ணைத் திறக்காமலே முகத்தைச் சுளிக்கிறாள். ஊசி குத்தின கையைக் கட்டோடு மடியில் போட்டிருக்கிறாள், யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பொருள் மாதிரி. ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற மெஷினில் படுத்து எழுந்து வந்தால் அன்றைக்கு முழுக்க அவள் இப்படித்தான், பிழிந்து போட்ட துணி. வண்டி ஒரு குதி குதித்து ரோட்டுக்கு வந்தது. “மெதுவாங்க” என்கிறாள். “மெதுவாத்தான்.” மெதுவாகத்தான் விட்டேன். விட்டேனா? கிளட்சை மெதுவாக விட்டதாகத்தான் எனக்கு நினைப்பு. வண்டி குதித்ததே. கிளட்ச் சரியில்லை என்றால் குதிக்கும். கால் சரியில்லை என்றாலும் குதிக்கும். கிளட்சா, காலா. கிளட்ச் என்றால் மாற்றிவிடலாம். பிளேட் தேய்ந்திருக்கும், கேபிள் காய்ந்திருக்கும், பேரிங் போயிருக்கும். எல்லாம் கடையில் கிடைக்கிற சாமான். கால் என்றால். கால் என்றால் ஒன்றும் இல்லை. கிளட்ச்தான்.

செகண்ட். இப்போது சத்தமில்லாமல் விழுகிறது. பார், விழுகிறது. கால் நன்றாக இருப்பதால்தானே விழுகிறது. அப்போது கிளட்சும் நன்றாக இருக்கிறது என்று ஆகிறதே. சை. மேட்டுப்பாளையத்து வெயில் கண்ணாடி வழியாக வந்து முட்டியில் உட்கார்ந்திருக்கிறது. வலது முட்டியில் சூடு தெரிகிறது. இடது முட்டியிலும் தெரிகிறது. பாதம் வரைக்கும் வெயில் போகாது, அதனால் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆற்றுப் பாலத்தில் ஒரு டெம்போக்காரன் நடுரோட்டில் நிறுத்திவிட்டு போன் பேசுகிறான். இவனுக்கெல்லாம் எவன் லைசென்ஸ் கொடுத்தது. நான் கொடுத்திருக்க மாட்டேன். முப்பது வருஷம் பிரேக் இன்ஸ்பெக்டர். லைசென்ஸுக்கு வருகிறவனை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து, பாஸ் ஃபெயில் சொல்கிற உத்தியோகம். பேர்தான் பிரேக் இன்ஸ்பெக்டர், நான் பார்த்தது முழுக்க கிளட்ச். பிரேக்கை எவனும் மிதிப்பான், பயந்தால் தானாக மிதிப்பான். கிளட்சில்தான் ஆள் யாரென்று தெரியும். ஏற்றத்தில் நிறுத்தச் சொல்வேன். நிறுத்துவான். எடு என்பேன். அங்கேதான் ஆஃப் கிளட்ச். முழுசாகப் பிடிக்கவும் இல்லை, முழுசாக விடவும் இல்லை, நடுவில் நூல் போல ஓர் இடம். அந்த இடத்தில் காலை நிறுத்தினால் வண்டி முன்னாலும் போகாது, பின்னாலும் வராது, சும்மா உறுமிக்கொண்டு நிற்கும். விதிப்படி ஹேண்ட் பிரேக் போட்டுத்தான் எடுக்க வேண்டும். மலையில் ஓட்டுகிறவன் எவன் போட்டான். நான் போட்டதில்லை. அந்த நூல் இடம் பாதத்துக்குத்தான் தெரியும். பெருவிரலுக்குக் கீழே, சதைப்பற்றான இடத்தில், ஒரு சின்ன நடுக்கமாக வரும். வரும் என்றால், வந்துகொண்டிருந்தது. கடைசியாக எப்போது வந்தது? யோசித்தால் ஞாபகம் இல்லை. யோசிக்காமல் ஓட்டுகிறவனுக்கு அதெல்லாம் எப்படி ஞாபகம் இருக்கும். ஹாரனை அடித்தேன். டெம்போக்காரன் போனைக் காதில் வைத்துக்கொண்டே கும்பிடு போடுகிறான். போ.

போஜனிடம் காட்டியாயிற்று. கோத்தகிரியில் என் வீட்டுக்குக் கீழே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவன். அவனும் ஓட்டிப் பார்த்தான். ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து, கதவைத் திறந்து, ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு சிரிக்கிறான். “லேசா ஹார்டுதான் ஐயா. எங்க அம்மா மாதிரி. மொறைக்கும், ஆனா வேலை செய்யும்.” “மாத்தணுமா வேண்டாமா, அதச் சொல்லு.” “மாத்தினா நல்லது. மாத்தாட்டியும் ஓடும்.” “இது ஒரு பதிலாடா?” “ஐயா பிரேக் இன்ஸ்பெக்டரு. நீங்க பாஸ் போட்டா பாஸு, ஃபெயில் போட்டா ஃபெயிலு. நான் என்னத்தச் சொல்ல?” லேசா ஹார்டு. லேசா என்றால் எவ்வளவு. அவனுக்கு லேசாக இருப்பது எனக்குக் கல்லாக இருந்தால் நடுவில் உள்ளது யாருடைய கணக்கு. அவன் இளவட்டம், அவன் தொடையும் என் தொடையும் ஒன்றா. வயசானால் எல்லாம் கொஞ்சம் கனக்கத்தான் செய்யும். பால் பாத்திரம் கனக்கிறது, கேஸ் சிலிண்டர் கனக்கிறது, கிளட்சும் கனக்கிறது. ஆனால் பால் பாத்திரத்தை வலது கையாலும் தூக்குகிறேன், இடது கையாலும் தூக்குகிறேன், ஒரே கனம்தான். அப்படிச் சோதித்துப் பார்த்தாயா? பார்த்தேன். ஏன் பார்த்தாய்? சும்மா.

மாற்றிவிட்டால் தீர்ந்தது என்றுதான் சம்பூரணம் தினமும் சொல்கிறாள். தீராது. அவளுக்கு அது புரியாது, நானும் சொல்லவில்லை. மாற்றாத வரைக்கும் கிளட்ச்தான். கனத்தால் கிளட்ச், கர்ரென்றால் கிளட்ச், குதித்தால் கிளட்ச். புது பிளேட், புது கேபிள், புது பேரிங் எல்லாம் போட்டு, போஜன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு “வெண்ணெய் மாதிரி இருக்குது, மிதிச்சுப் பாருங்க” என்று சொல்லி, நான் உட்கார்ந்து மிதித்து, அப்போதும் கல்லாக இருந்தால்? அப்போது யார் மேல் போடுவது. அதற்கப்புறம் மாற்றுவதற்கு வண்டியில் ஒன்றும் மிச்சம் இருக்காது. அதனால்தான் மாதக்கணக்கில் நாளைக்கு, நாளைக்கு. கஞ்சன் என்கிறாள். சொல்லட்டும். சோதனை பண்ண எனக்குத் தெரியாதா. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, டாப் கியர் போட்டு, கிளட்சை விட்டால் போதும். இன்ஜின் மூச்சடைத்து நின்றால் பிளேட் நல்ல பிளேட். நிற்காமல் ஓடினால் காலி. ஒரு நிமிஷ வேலை. ஒரு நாள் காலையில் ஷெட்டில் உட்கார்ந்து, பிரேக்கை இழுத்து, கியரும் போட்டேன். அப்புறம் நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு இறங்கி வந்து பேப்பர் படித்தேன். இன்ஜின் நிற்கக் கூடாது என்று சாமி கும்பிடுகிற ஒருத்தனை இந்த உலகத்தில் எவனும் பார்த்திருக்க மாட்டான்.

பாக்குத் தோப்பு வந்துவிட்டது. நிழல். இனிமேல் ஏற்றம். சம்பூரணம் நாக்கால் உதட்டைத் தடவுகிறாள். கண் மூடித்தான் இருக்கிறது, நாக்கு மட்டும் வெளியே வந்து தடவிவிட்டு உள்ளே போகிறது. தாகம். குடிக்கக் கூடாது. நாளுக்கு இவ்வளவுதான் என்று ஒரு சின்ன பாட்டில் அளவு. குடித்தால் அது போக வழியில்லை, காலில் இறங்கும், மூச்சில் ஏறும். கீழே இருந்த காலத்தில், திருப்பூரில் மகள் வீட்டில், சித்திரை மாசம், இவள் குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழாயைத் திறக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள். பேரன் தண்ணீர் குடிக்கும்போது அவன் தொண்டையைப் பார்த்தாள். அதை நான் பார்த்தேன். மறு வாரமே கோத்தகிரியில் வீடு பிடித்தேன். மேலே குளிர், மேலே தாகம் அடங்கி இருக்கிறது, “ஒரு வாய் போதுமுங்க” என்கிறாள். மேலே ஆஸ்பத்திரியில் மெஷினுக்கு இடம் கிடைக்கவில்லை, கீழேதான் கிடைத்தது, வாரத்துக்கு ரெண்டு நாள். சரி, நான் ஓட்டுகிறேன், நான் செத்தா போய்விட்டேன் என்று மகளிடம் சொன்னேன். அப்பா மலைப் பாதை என்றாள். மலைப் பாதையை எனக்குச் சொல்கிறாயா என்றேன். போனை வைத்துவிட்டாள். இப்போது கால் என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து போனால் போதும், வேனோடு வந்து சாமானை ஏற்றிவிடுவாள். அப்புறம் குழாய். அப்புறம் சித்திரை. டிரைவர் ஒருத்தனை வைத்துக்கொள்ளலாம். வைத்தால் ஏன் வைத்தீர்கள் என்பாள். பஸ்ஸில் போகலாம். ஒரு தடவை போனோம், வண்டி சர்வீஸில் இருந்தபோது. ரெண்டாவது வளைவிலேயே சம்பூரணத்துக்கு வாந்தி. நிற்கிற கூட்டத்தில் எவனோ அவள் கையில் இடித்து, கட்டு நனைந்து, சேலையெல்லாம் ரத்தம். கண்டக்டர் பயந்து பஸ்ஸையே நிறுத்திவிட்டான். வேண்டாம் பஸ்.

முதல் கொண்டை ஊசி. செகண்டுக்கு இறக்க வேண்டும். மிதி. விழுந்தது. விடு. விட்டேன், காலைப் பக்கத்தில் தரையில் வைத்தாயிற்று, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, ஆக்சிலேட்டர். ஏறுகிறது. பார், ஏறுகிறது. எத்தனை ஆயிரம் தடவை ஏறின ரோடு. சுவரில் குரங்கு ஒன்று குட்டியோடு உட்கார்ந்து வண்டியைப் பார்க்கிறது. உனக்கென்ன, உனக்கு கிளட்ச் இல்லை. அடுத்த வளைவில் லாரி. காரட் மூட்டை இறக்கிவிட்டுக் காலியாக ஏறுகிற லாரி. எதிரே ஒரு கார் இறங்கி வருகிறது. ஏறுகிறவனுக்குத்தான் வழி விட வேண்டும், இறங்குகிறவன் ஒதுங்கி நிற்க வேண்டும், மலையில் அதுதான் முறை. கீழ்நாட்டுக்காரனுக்கு எங்கே தெரிகிறது, நடுவில் வந்து மூக்கை நீட்டிவிட்டான். லாரி நின்றுவிட்டது. நானும் நின்றேன். ஏற்றம் சுவர் மாதிரி நிற்கிறது. பின்னால் ஒரு வேன், கண்ணாடி முழுக்க அவன் முகம்தான். ஃபஸ்ட் போட்டு ஆஃப் கிளட்சில் நிறுத்து. நிறுத்து. எங்கே அந்த இடம். கொஞ்சம் விடு. இன்னும் கொஞ்சம். இன்ஜின் உறுமுகிறது, பாதத்தில் ஒன்றும் வரவில்லை, எந்த நடுக்கமும் வரவில்லை, ஊமையாக இருக்கிறது. வண்டி பின்னால் போகிறது. கண்ணாடியில் வேன்காரன் முகம் பெரிசாகிறது, ஹாரன், ஹாரன், எவனோ கத்துகிறான், நான் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். நின்றது. முப்பது வருஷத்தில் ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் போட்டதில்லை. “ஏனுங்க?” சம்பூரணம் முழித்துக்கொண்டாள். “ஒண்ணுமில்ல. தூங்கு.” “பின்னால போச்சே.” “போகல. லாரி முன்னால போச்சு, உனக்கு அப்படித் தெரியுது.” “லாரி நின்னுட்டுத்தான இருக்குது.” “இப்ப நின்னுருச்சு.” அவள் என்னைப் பார்க்கிறாள். நான் லாரியைப் பார்க்கிறேன். லாரியின் பின்பக்கத்தில் ஹாரன் அடிக்கவும் என்று எழுதியிருக்கிறது. வேன்காரன் அதை நன்றாகப் படித்திருக்கிறான்.

லாரி நகர்ந்தது. ஹேண்ட் பிரேக்கை இறக்கி, ஆக்சிலேட்டரை நிறையக் கொடுத்து, இன்ஜின் கத்தக் கத்த எடுத்தேன். பரீட்சைக்கு வந்தவன் இப்படி எடுத்தால் இறங்கச் சொல்லியிருப்பேன். போகட்டும். ஆஃப் கிளட்சில் நிற்கவில்லை என்றால் பிளேட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். தேய்ந்தால் பிடிக்கிற இடம் மாறிப்போகும், மேலே போய்விடும், கால் தேடிக்கொண்டே இருக்கும். அதுதான். கால் தேடுகிறது. பாவம் காலுக்கு என்ன தெரியும். ஆனால் செருப்பு? செருப்புக்கும் கிளட்சுக்கும் என்ன சம்பந்தம். ஒன்றும் இல்லை. ஒரு நாள் மார்க்கெட்டிலிருந்து வீடு வந்து கழற்றப் போனால் இடது காலில் செருப்பே இல்லை. எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. ரோட்டில் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறேன், தெரியவில்லை. வார் லூசாக இருந்தது, அதனால் விழுந்தது. விழுந்தது சரி. தெரியவில்லையே. யோசனையில் நடந்து வந்தால் தெரியாது. எதைப் பற்றி யோசனை? கிளட்சைப் பற்றி. சர்க்கரை இருக்கிறது, மாத்திரை போடுகிறேன், போடுகிறேன் என்றால் ஞாபகம் வரும்போது. ஆஸ்பத்திரியில் மெஷின் பார்க்கிற நர்ஸம்மா, மலையாளத்துப் பெண், “அப்பச்சா, நிங்க நடக்கறது ஒரு மாதிரி இருக்கே, டாக்டர்கிட்ட காலைக் காட்டுங்க” என்றது. “நீ உன் பேஷண்ட்டப் பாரு” என்றேன். சிரித்தது. அண்ணனுக்கும் சிரித்துத்தான் சொன்னார்கள். அண்ணனுக்குக் காலில்தான் ஆரம்பித்தது. கட்டைவிரலில் ஒரு புண், அவனுக்கே தெரியாமல். செருப்பில் ரத்தத்தைப் பார்த்துவிட்டுத்தான் யாருக்கு அடிபட்டது என்று கேட்டான். அப்புறம் விரல், அப்புறம் பாதம், அப்புறம் முட்டி, அறுத்துக்கொண்டே மேலே வந்தார்கள். அண்ணி தூக்கினாள், துடைத்தாள், திருப்பிப் போட்டாள். அண்ணி பலமான பொம்பளை. இவளால் என்னைத் தூக்க முடியுமா. ஒரு குடம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் இவளை. நான் படுத்தால் இவளை யார் மெஷினுக்குக் கூட்டிப்போவது. இவள் படுத்திருக்கும்போது என்னை யார் பார்ப்பது. ரெண்டு கட்டில். ஒரு வீட்டில் ரெண்டு கட்டில் பக்கத்தில் பக்கத்தில், நடுவில் ஒரு ஃபேன், ஜன்னலுக்கு வெளியே திருப்பூர். வேண்டாம். ரோட்டைப் பார். ரோட்டைப் பார்த்து ஓட்டு.

வாடை. என்ன வாடை? இறங்குகிற லாரிகளின் பிரேக் சூடானால் இப்படி வரும். லாரி எதுவும் இறங்கவில்லை. மூக்கை இழுத்துப் பார்க்கிறேன். டயர் கருகுகிற வாடை இல்லை. வயர் இல்லை. இது எனக்குத் தெரியும், கருகின முடியும் சூடான இரும்பும் கலந்த மாதிரி, தொண்டையில் வந்து ஒட்டும். பிளேட். ஆக்சிலேட்டரை அழுத்துகிறேன், இன்ஜின் கத்துகிறது, வண்டி அதே வேகத்தில் தவழ்கிறது. இன்னும் அழுத்துகிறேன், இன்னும் கத்துகிறது, ஏறவில்லை. ஸ்லிப். ஸ்லிப் ஆகிறது! இது ஹார்டு இல்லை, லேசா இல்லை, என் தொடை உன் தொடை இல்லை. பிளேட் போய்விட்டது, ஒரு சின்னப் பையனைக் கேட்டாலும் சொல்வான். கிளட்ச்தான். கிளட்ச்தான், கிளட்ச்தான், மாதக்கணக்காகக் கிளட்ச்தான்! நெஞ்சுக்குள் இறுக்கிக் கட்டியிருந்த கயிற்றை எவனோ வெட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. கால் நல்ல கால். செருப்பு வார் லூசு. நர்ஸம்மாவுக்கு வேறு வேலை இல்லை. “சம்பூரணம், கிளட்ச் போச்சு.” அவள் மூக்கைச் சேலையால் பொத்திக்கொள்கிறாள். “அதுக்கு எதுக்குங்க சிரிக்கறீங்க?” “சிரிக்கல.” “பல்லு தெரியுதே.” “நாளைக்கே போஜனக் கூப்புட்டு மாத்தறேன். புது செட்டு. பிளேட்டு, கேபிளு, பேரிங்கு, எல்லாம்.” “இத்தன நாளா மாத்துங்க மாத்துங்கன்னு சொன்னப்பெல்லாம் கல்லு மாதிரி உக்காந்துட்டு, நடுமலையில வந்து மாத்தறாராமா. கஞ்சப்பிசினாறி.” “திட்டு. நல்லாத் திட்டு.” “என்ன ஆச்சுங்க உங்களுக்கு?” ஒன்றும் ஆகவில்லை. அதுதான் விஷயம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

வளைவு தாண்டி ஓர் அகலமான இடம், டூரிஸ்ட்காரர்கள் நின்று போட்டோ எடுக்கிற இடம். தவழ்ந்து தவழ்ந்து அங்கே கொண்டுபோய் ஓரம் கட்டினேன். நியூட்ரல். ஹேண்ட் பிரேக். இன்ஜின் ஓடட்டும், விசிறி சுற்றட்டும், பிளேட் ஆறட்டும். சீட்டில் சாய்ந்துகொண்டேன். பானெட் ஓரத்திலிருந்து லேசாகப் புகை. கீழே சமவெளி வெயிலில் வெள்ளையாகக் கிடக்கிறது, இங்கே காற்று குளிர ஆரம்பித்துவிட்டது. கொஞ்சம் ஆறினால் மறுபடி பிடிக்கும். ஃபஸ்டிலேயே மெதுவாகக் கொண்டுபோய்விடலாம். இதை விட மோசமான வண்டியையெல்லாம் கொண்டுபோயிருக்கிறேன். சம்பூரணம் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டு, விழுங்காமல், கன்னத்தில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உருட்டுகிறாள். எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு நேரம். அப்புறம் கதவைத் திறந்து துப்பினாள். பாட்டில் மூடி கையிலிருந்து நழுவி என் பக்கம் உருண்டது. “காலை எடுங்க, மூடி அங்க வந்துருச்சு.” “எடுத்துக்க.” “காலை எடுங்கன்னா.” “எந்தக் காலை?” “மிதிச்சுட்டு இருக்கீங்களே, அந்தக் காலை.” “நான் எதையும் மிதிக்கல. கால் தரையில இருக்குது.” குனிந்திருந்தவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். “எந்தத் தரையிலங்க?”

குனிந்து பார்க்கிறேன். பெடல் மேல் என் இடது கால். பாதி அழுத்தியபடி, சொகுசாக, பெஞ்சில் காலை நீட்டின ஆள் மாதிரி. என் கால்தான். என் செருப்பு, என் வேட்டிக் கரை, கணுக்காலில் என் தழும்பு. தரையில் வைத்தேன். வைத்தேன் என்பது எனக்குத் தெரியும், இப்போதுகூட அது தரையில் இருப்பதாகத்தான் எனக்குத் தெரிகிறது, கண் வேறு சொல்கிறது. எடு என்றேன், மனசுக்குள். எடுத்தது. பெடல் மேலே வந்தது. கால் காற்றில் நின்று, தரைக்கு வந்தது. வந்ததைப் பார்த்தேன். பார்த்ததோடு சரி, வேறு ஒன்றும் வந்து சேரவில்லை. எவ்வளவு நேரமாக அங்கே இருந்தது. லாரிக்குப் பின்னாலிருந்தா, முதல் வளைவிலிருந்தா, ஆஸ்பத்திரி கேட்டிலிருந்தா, போன வாரத்திலிருந்தா. ஒவ்வொரு தடவையும் எடுத்து ஓரமாக வைத்தேன் என்று நினைத்துக்கொண்டு மேலேயே வைத்திருந்திருக்கிறேன். வண்டி மலை ஏறியது முழுக்க ஆஃப் கிளட்சில். பிளேட் கருகாமல் என்ன செய்யும். கிளட்ச் போனது நிஜம். அதைத் தின்றது இந்தக் கால். அப்புறம் ஒன்று தோன்றியது. வலது கால் எங்கே? பிரேக்கில்தானே வைத்திருக்கிறேன். பிரேக்கில்தான். நிச்சயமாகவா? குனிந்து பார்த்தேன். பிரேக்கில்தான் இருந்தது. இருந்தது, ஆனால் பார்த்த பிறகுதான் எனக்கு நிச்சயம் ஆனது. மேலே இன்னும் எத்தனை வளைவு. ஒவ்வொன்றிலும் குனிந்து பார்த்துவிட்டா மிதிப்பது. குனிகிற நேரத்தில் ரோட்டை யார் பார்ப்பது. இந்த ஓரத்தில் சுவர் முழங்கால் உயரம்கூட இல்லை. அதற்கு அப்பால் மரங்களின் உச்சி. “ஆறட்டும், மெதுவாப் போலாமுங்க, ஒண்ணும் அவசரமில்ல” என்கிறாள் சம்பூரணம். மூடியை எடுத்துச் சேலையில் துடைத்துப் பாட்டிலில் திருகுகிறாள். அவளுக்கு என் மேல் ஒரு சந்தேகமும் இல்லை. வண்டி மேல்தான் சந்தேகம். இப்படியே ஓட்டிக் கொண்டுபோய் வீட்டில் விட்டுவிட்டு நாளைக்குச் சொல்லலாம். நாளைக்குப் போஜன் புது கிளட்ச் போடுவான், அதற்கு மறுநாள் சொல்லலாம். பிளேட் ஆறிவிட்டது, வாடை குறைந்துவிட்டது, நான் மிதித்தால் இப்போது கியர் விழும். சாவியைத் திருப்பினேன். இன்ஜின் நின்றது. “ஏனுங்க?” “எறங்கு.” “எதுக்குங்க?” “எறங்குன்னா எறங்கு.”

பஸ்ஸின் சத்தம் கீழ் வளைவிலிருந்தே கேட்கிறது. ரோட்டோரத்தில் நின்று கையைத் தூக்கினேன். அந்தக் கை இன்னும் என் கைதான், டிரைவர் பார்த்ததும் பிரேக் போட்டுவிட்டான். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு மூக்கை உறிஞ்சுகிறான். “ஏனுங்கய்யா, கிளட்சுங்களா? அடி வளைவுலயே வாடை தூக்குச்சு.” “கிளட்சும்தான்” என்றேன். அப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. வாய் சொல்லிவிட்டது. கண்டக்டர் அதைக் கவனிக்கவில்லை, “மெக்கானிக்குக்குப் போன் பண்ணியாச்சுங்களா, ஏறுங்க, அம்மாவுக்கு முன் சீட்டு குடுங்கப்பா, கையில கட்டு இருக்குது” என்று உள்ளே கத்துகிறான். கம்பியைப் பிடித்த சம்பூரணம் ஏறாமல் நிற்கிறாள். “கிளட்சும்னா? இன்னும் என்னங்க போச்சு?” “ஏறு, பஸ் நிக்குது.” “என்ன போச்சுன்னு கேட்டேன்.” “கால்.” “எந்தக் காலு?” “இடது. வலதையும் பாக்கணும். மரத்துக் கெடக்குது. எங்க வெக்கிறேன்னு தெரியல.” டிரைவர் ஹாரனை ஒரு தட்டுத் தட்டினான். இப்போது அழுவாள், மகளுக்குப் போன் என்பாள், திருப்பூர் என்பாள் என்று அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவள் கம்பியை விட்டுவிட்டு ஓரடி ஒதுங்கினாள். “நீங்க மொதல்ல ஏறுங்க.” “நீ ஏறு. உனக்கு வாந்தி வரும், முன்னால போய் உக்காரு.” “வந்தா வரட்டும். ஏறுங்க. காலை நான் பாத்துக்கறேன்.” கண்டக்டர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்க்கிறான். ரெண்டு கையாலும் கம்பியைப் பிடித்தேன். படி எவ்வளவு உயரம். இடது காலைத் தூக்கினேன், தூக்கினேன் என்றுதான் நினைக்கிறேன். குனிந்து பார்க்கவில்லை. பின்னால் அவள் சேலையின் ஆஸ்பத்திரி வாடை.

“வச்சாச்சுங்களா?” என்று கேட்டது நான்தான். கட்டினவளிடம் இத்தனை வருஷத்தில் ங்க போட்டுப் பேசினதில்லை.

“இன்னும் கொஞ்சம் முன்னால. ம். வச்சாச்சு, ஏறுங்க.”